அடுப்பு நாலு மணி வரைக்கும்தான்

அத்தியாயம் 14

சாவித்திரி "வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்து இன்றோடு மூன்று நாள்.

போன அத்தியாயத்தில் மார்க்கெட்டுக்குக் கூடவே வந்தவர்களுக்கு அது மறந்திருக்காது. செவ்வாய்க்கிழமை. எண்பத்தைந்து கிலோ வெள்ளைப் பட்டுக்கூடு. தட்டுகளில் கொட்டிப் பரப்பிவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி நின்றவளிடம் கிலோ முந்நூற்றுத் தொண்ணூறு என்று எழுதிய சீட்டை நீட்டினார் ஏலக்காரர். போன தடவை இதே கூடு அறுநூற்றுப் பத்துக்குப் போனது. கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. அவளோ பேனாவை வாங்கினாள், சீட்டைப் படித்தாள், பேனாவை அவர் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகிவிட்டு "வேணாங்க" என்றாள். பக்கத்தில் நின்ற புருஷன் அய்யாக்கண்ணுவின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நாலு பேர் நடுவில் அப்படிச் செய்ததுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

வேன் வீட்டு வாசலில் நின்றதும் அய்யாக்கண்ணு சொன்னார். "ஞாயித்துக்கெழம ஜேசிபி வருது. முசுக்கொட்டச் செடி மொத்தத்தியும் புடுங்கிட்டுக் கரும்பு வெக்கப் போறேன்."

அதுதான் அவர் பேசிய கடைசிப் பேச்சு. மூன்று நாளாக அந்த வீட்டில் பாத்திரங்கள்தான் பேசிக்கொள்கின்றன.

அந்த ஒன்றரை ஏக்கர் முசுக்கொட்டை சாவித்திரியின் தோட்டம். பட்டா அவர் பேரில் இருக்கலாம். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஐந்து நாள் பட்டுப்புழு வளர்ப்புப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, வேர்க்கடலை போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டிருந்த நிலத்தில் ஒவ்வொரு குச்சியாக நட்டவள் அவள். அந்த இலையை வெட்டிப் போட்டுத்தான் புழு வளர்த்தாள். மகன் கோகுல்ராஜை பி.காம் படிக்க வைத்தாள். ஊரில் அவளைக் 'கூட்டுக்கார அம்மா' என்று சொல்வார்கள். அந்தப் பேர் அவளுக்குப் பிடிக்கும்.

பட்டுக்கூட்டுக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. நெல்லைப் போல மூட்டை கட்டி, விலை வரட்டும் என்று காத்திருக்க முடியாது. உள்ளே ஓர் உயிர் இருக்கிறது. புழுவைக் கூடு கட்ட விட்ட நாளிலிருந்து பன்னிரண்டாம் நாள் அது பூச்சியாகி, கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். துளை விழுந்த கூட்டில் நூல் கிடையாது. மெத்தைக்குள் வைத்து அடைக்கத்தான் ஆகும்.

வெள்ளிக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்குச் சாவித்திரி, புழு வளர்க்கும் கொட்டகையான புழு மனைக்குப் போனாள். புழுவே இல்லாத மனைக்குள்ளும், நோய் தொற்றக்கூடாது என்ற பழக்கத்தில் வாசலில் இருந்த பிளீச்சிங் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் நுழைந்தாள். கையில் டார்ச். தார்ப்பாயில் பரப்பிக் கிடந்த கூடுகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். ஒரு துளை இல்லை, ஒரு கறை இல்லை. சுவரில் தொங்கிய காலண்டரில், போன வாரம் புழுவைக் கூடு கட்ட விட்ட செவ்வாய்க்கிழமையைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தாள். அதை ஒன்றாக வைத்து விரல் விட்டு எண்ணினாள். இன்று பதினொன்று.

நாளை காலை பன்னிரண்டு. ஆக, கையில் இருப்பது இன்று ஒரு பகல்.

ஒரு துணிப்பையில் இரண்டு கை கூட்டை அள்ளிப் போட்டுக்கொண்டாள். அய்யாக்கண்ணு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். சாவித்திரி மாட்டின் மறுபக்கம் போய் நின்று மாட்டிடமே சொன்னாள்.

"நான் ஆரணிக்குப் போறேன். கோகுலு மொதலாளியப் பாக்கணும். சோறு பானைல கீது."

"போறவங்க போவட்டும்" என்றார் அவரும் மாட்டிடம். "யாரு யாரக் கேக்கறாங்க இந்த ஊட்டுல?"

மாடு இருவருக்கும் நடுவில் நின்று தண்ணீரை உறிஞ்சியது.

அவள் தெருமுனைக்குப் போகும்போது பின்னாலிருந்து, மாட்டிடம் பேசுவது போலவே, அவர் குரல் மறுபடி கேட்டது. "திங்கக்கெழமயே..." என்று ஏதோ ஆரம்பித்தார். சாவித்திரிக்குக் காதில் விழத்தான் விழுந்தது. வேண்டுமானால் என் பேரைச் சொல்லிக் கூப்பிடட்டுமே என்று நடையை எட்டிப் போட்டாள். போளூரிலிருந்து வரும் பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டாள்.

*

ஆரணியில் பரசுராமனின் பட்டு நூல் கடை ஒரு சந்துக்குள் இருக்கிறது. கோகுல்ராஜ் அங்கே வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். மகன் வேலை பார்க்கும் கடைக்குள் சாவித்திரி காலெடுத்து வைப்பது இதுதான் முதல் தடவை. பட்டு நூல் கடை என்றால், தன்னைப் போன்றவர்கள் வளர்க்கும் கூடுதான் எங்கேயோ போய் நூலாகி அங்கே வந்து அடுக்கியிருக்கும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அதில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது.

உள்ளே போனபோது கோகுல்ராஜ் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கத்தியால் ஒரு பெரிய பண்டலின் மேலுறையைக் கிழித்துக்கொண்டிருந்தான். அந்த உறையில் கட்டம் கட்டமாக, கோடு கோடாக எழுத்துகள். தமிழுமில்லை, இங்கிலீஷுமில்லை, இந்தியுமில்லை.

அவன் நிமிர்ந்து பார்த்தான். கத்தியை மறைத்துக்கொள்வதா, பண்டலை மறைத்துக்கொள்வதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"யம்மா, நீ எங்க இங்க?"

"இது இன்னாடா எழுத்து?"

அவன் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து பரசுராமன் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, மெதுவான பேச்சு. "நம்ம கோகுலு அம்மாவா? வாங்கம்மா, உக்காருங்க. டேய், அம்மாவுக்கு ஃபேனப் போடு. டீ சொல்லு."

சண்டை போட வந்தவளுக்கு நாற்காலி போட்டுவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே போய்விடுகிறது. சாவித்திரி நுனியில் உட்கார்ந்தாள். பையிலிருந்த கூட்டைக் கண்ணாடி மேஜை மேல் கொட்டினாள்.

"மொதலாளி, எண்பத்தஞ்சு கிலோ வெச்சிகினு கீறேன். நாளைக்கு விடிஞ்சா பூச்சி வந்துடும். நீங்க நேரா எடுத்துக்கங்க. மார்க்கெட்ல நானூறுகூடத் தரமாட்டேங்கறாங்க."

பரசுராமன் ஒரு கூட்டை எடுத்து இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். காதோரம் வைத்து ஆட்டினார். அவருக்குத் தெரியாததா?

"மொதல் தரம்மா. அழுத்தனா அமுங்கலியே. நல்லா வளத்துருக்கீங்க."

"அப்ப எடுத்துக்கங்க."

"எடுத்து நான் இன்னாம்மா பண்றது? நான் விக்கறது நூலு. கூடு விக்கற கடை இல்லியே இது."

மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு நெசவாளி முறுக்கிக் கட்டிய நூல் கழியைப் பகல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பேர் சந்திரமோகன். இருபது வருஷமாகத் தறியில் உட்காருகிறவர். சாவித்திரி அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்கண்ணா. நீங்களும் வேல செய்யறவருதானே. நம்மூருப் பட்ட உட்டுட்டு எவனோ ஊருப் பட்ட வாங்கி நெய்யறீங்களே, இது நாயமா?"

சந்திரமோகன் கழியைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் கோபமில்லை. அதுதான் சாவித்திரிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நாயமெல்லாம் நானும் பேசுவேம்மா. பாவுல ஒரு எழ அறுந்தா தறிய நிறுத்திட்டுத் தேடிப் புடிச்சு முடி போடணும். நம்ம பக்கத்து நூலுல நாளைக்கு முப்பது நாப்பது தடவ அறுது. சைனா நூலுல ரெண்டு, மூணு. வெலயும் கொறச்சல். என் பொடவைக்கு எதிரால இயந்திரத்துல போட்ட பொடவ பாதி வெலைக்கு நிக்குது. நான் யாரப் போயி நாயம் கேக்கறது?"

"எல்லா நூலும் அறுதா? என் கூட்டுல எடுத்த நூலு அறுமா?"

"அதான் சொல்றாரே, மொதல் தரம்னு. ஒழுங்கா நூத்தா அறாது. ஆனா அது எனக்கு எங்க வந்து சேருது? வந்தாலும் சைனா நூலவிடக் கிலோவுக்கு ஆயிரத்துக்கு மேல கூட. நான் எப்பிடிக் கட்டுவேன்?"

பரசுராமன் குறுக்கே புகுந்தார். "இத்த யாரும் ஒருத்தர் பண்றதில்லம்மா. அங்க துறைமுகத்துல சரக்கு எறங்கனா இங்க வெல எறங்குது. எறக்குமதி வரியக் கொறைக்கப் போறாங்கன்னு யாரோ பேசிகினாப் போதும், கொறைக்கவே வேணாம், மறுநாளே கூடு எடுக்கறவன் கையக் கட்டிகினு நிக்கறான். நான் இந்தப் பண்டல வாங்கலன்னா, அடுத்த சந்துக்காரன் வாங்கறான். இவரு அங்க போறாரு."

டீ வந்தது. சாவித்திரி குடிக்கவில்லை. யாரையாவது ஒருத்தரைப் பிடித்து வைத்து, நீதான், உன்னால்தான் என்று கேட்க வேண்டும் என்று நினைத்து வந்திருந்தாள். இங்கே எல்லாருக்கும் ஒரு காரணம் இருந்தது. எல்லாமும் சரியான காரணமாகவே இருந்தது. அடிக்க ஓங்கிய கைக்கு ஒரு முதுகுகூடக் கிடைக்கவில்லை. அழுகை வருமோ என்று பயமாக இருந்தது. கூட்டை ஒவ்வொன்றாகப் பைக்குள் திரும்பப் பொறுக்கிப் போட்டாள்.

வெளியே வந்ததும் கோகுல்ராஜ் பின்னாலேயே ஓடிவந்தான்.

"யம்மா, கோச்சிக்காத."

"ரெண்டு வருசமா இத்தத்தான் பிரிச்சிகினு கீறியா? ஊட்ல வந்து ஒரு வார்த்த சொல்லலியே."

"சொன்னா நீ பேஜாராயிடுவன்னுதான். நான் பிரிக்கலன்னா வேற ஒருத்தன் பிரிக்கப் போறான்மா."

"அந்த வேற ஒருத்தனோட அம்மா கூடு வளக்கலடா."

கோகுல்ராஜ் கையில் ஒட்டியிருந்த பண்டல் நார்களைக் கால்சட்டையில் தேய்த்தான். திடீரென்று தலையைத் தூக்கினான்.

"யம்மா, விக்கத்தானே முடியல? சாவடிக்க முடியுமில்ல?"

"இன்னாடா சொல்ற?"

"கொசப்பாளையத்துப் பக்கம் அபிதகுசாம்பாள் அக்கான்னு ஒருத்தங்க கூட்டுலர்ந்து நூல் எடுக்கறாங்க. அவங்ககிட்ட சூடு ரூம் கீது. அதுல ஏத்தனா உள்ள கீற பூச்சி செத்துப்பூடும். கூடு அப்படியே நிக்கும். ஆறு மாசம்கூட வெச்சிருந்து விக்கலாம்."

சாவித்திரி அவனைப் பார்த்தாள். "இத்த செவ்வாக்கெழமயே சொல்றதுக்கு இன்னா?"

"எங்க வந்து சொல்றது? போன் போட்டா அப்பா உன்னப் பத்தித் திட்றாரு. நீ அப்பாவப் பத்தித் திட்ற. நடுவுல நான் எதச் சொல்றது?"

முதலாளியிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

*

அபிதகுசாம்பாளின் நூற்புக்கூடத்தில் எட்டுத் தொட்டிகள். அதில் ஆவி வந்தது இரண்டில் மட்டும். மற்ற ஆறும் காய்ந்து கிடந்தன. சுடுதண்ணீரில் கூட்டை அலசி அலசி அபிதகுசாம்பாளின் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. ஐம்பத்தைந்து வயதிருக்கும். சாவித்திரி கொடுத்த கூட்டை வாங்கி, பேச்சை வளர்க்காமல் ஒன்றைத் தொட்டிக்குள் போட்டு, நுனி இழையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். இழை அறாமல் வந்துகொண்டே இருந்தது.

"நல்லா வருது" என்றாள். "ஆனா நான் வாங்க மாட்டேன் தாயி. வாங்கி வெச்சதே கெடக்குது. நூலு எடுத்துகினு போனா, சைனா வெலைக்குத் தர்றியாங்கறாங்க. எட்டு தொட்டி ஓடுன எடம் இது."

"வாங்க வேணாங்க்கா. எண்பத்தஞ்சு கிலோ கீது, சூடு மட்டும் காட்டிக் குடுங்க. வெறகுக் கூலி குடுத்துடறேன்."

அபிதகுசாம்பாள் யோசித்தாள். "நூறு கிலோ பக்கம் இருந்தாத்தான் வெறகுக்குக் கட்டும். என்னுது ஒரு இருவது கீது. உன்னுதும் சேந்தா ஏத்தலாம். ஆனா ஒண்ணு. அடுப்பு போட்ற தனகோடி திருவிழாவுக்குத் தேசூருக்குப் போறான். இனிமே திங்கக்கெழமதான் வருவான். சூடு கூடனா நூலு கருகிடும், கொறஞ்சா பூச்சி சாவாது, அந்தப் பக்குவம் அவனுக்குத்தான் தெரியும். நாலு மணிக்குள்ள கூட்ட ஏத்திக் கதவச் சாத்தணும். ஒரு மணி நேரம் நின்னு சூட்டக் கட்டி உட்டுட்டு அவன் பஸ் ஏறிடுவான். மீதிய நான் பாத்துக்குவேன். நாலு மணிக்கு மேல கொண்டாந்தா, சொல்லிட்டேன், தூக்கிகினு போவ வேண்டியதுதான்."

"நாலுக்குள்ள வந்துடுவோம்க்கா."

மணி பன்னிரண்டேகால். மூன்று நாளில் முதல் தடவையாகச் சாவித்திரிக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

"அப்பாவுக்குப் போன் போட்டுக் கூட்டயெல்லாம் மூட்ட கட்டி வெக்கச் சொல்லும்மா. நான் ஆட்டோ புடிக்கறேன்" என்று போனான் கோகுல்ராஜ்.

சாவித்திரி போனை எடுத்தாள். அய்யாக்கண்ணுவின் பேரை அழுத்தினாள். அந்தப் பக்கம் ஒரு மணி அடித்தது. அந்த ஒரு மணியோசைக்குள் அவள் மனசு எங்கெங்கோ போய் வந்தது. எடுத்ததும் என்ன சொல்வது? மூட்டை கட்டுங்க என்றா? நான் பேசினேன், நீங்க பேசலை என்று நாளைக்குச் சொல்லிக் காட்டுவாரே. மார்க்கெட்டிலும் நான்தான் தலை நிமிர்ந்து வந்தேன், இப்போது நானே போய்க் குனிய வேண்டுமா?

கட் செய்துவிட்டாள்.

அரை மணி நேரம் கழித்துக் கோகுல்ராஜ் திரும்பி வந்ததும், "நீ போடு" என்றாள். அவன் போட்டான். அடித்து அடித்து நின்றது. இன்னொரு தடவை போட்டான். "எடுக்க மாட்டேங்கறாரும்மா."

"எடுக்க மாட்டாரு. திமிரு" என்றாள் சாவித்திரி.

ஆட்டோ லேசில் கிடைக்கவில்லை. ஒருவன் வாடகையைக் கூட்டினான், ஒருவன் அந்தப் பக்கம் வரமாட்டேன் என்றான். மூன்றாவது ஆள் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று போய் ஒன்றரைக்கு வந்தான். சாவித்திரி தேய்ந்துபோன ஒரு கல் மேல் உட்கார்ந்து, தன் நேரத்தை ஊரே மென்று தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

இரண்டு மணிக்கு ஆட்டோ ஊருக்குள் திரும்பியது. ஜேசிபியின் மஞ்சள் நிறம் முதலில் தெரிந்தது. அப்புறம்தான் தோட்டம் தெரிந்தது.

பாதித் தோட்டம்.

வீட்டுப் பக்கத்துப் பாதி பச்சையாக நின்றது. ரோட்டுப் பக்கத்துப் பாதியில் மண் கொப்பளித்துக் கிடக்க, முசுக்கொட்டைச் செடிகள் வேரோடு கவிழ்ந்து குவிந்திருந்தன. வெயிலில் அந்த இலைகள் அதற்குள் வதங்கத் தொடங்கியிருந்தன. ஜேசிபி ஓட்டும் குணா கைப்பிடியை விட்டுவிட்டு, நிழலில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

சாவித்திரிக்கு ஆட்டோவிலிருந்து இறங்கிய கால் நேராகக் குணாவிடம் போனது.

"ஞாயித்துக்கெழமதானே உன்ன வரச் சொன்னாரு?"

"வந்தவாசில ஒரு வேல, நின்னுபோச்சு அண்ணி. இன்னைக்கே முடிச்சிடட்டுமான்னு கேட்டேன். அண்ணன் மொதல்ல வேணாம்னாரு. உக்காரு, பாக்கலாம்னாரு. அப்புறம் பன்னெண்டரைக்கு வந்து, எடுத்துடுன்னாரு."

அவள் புழு மனைக்கு ஓடினாள். வாசலில் இருந்த பிளீச்சிங் தண்ணீரில் கால் நனைக்கவில்லை.

அய்யாக்கண்ணு தார்ப்பாயின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு முறம். முறத்தில் வெளுத்த நிறத்தில் பூச்சிகள், பறக்கத் தெரியாமல் இறக்கையை மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. அதில் மட்டும் எழுபது, எண்பது இருக்கும், பக்கத்துக் கூடைகள் ஏற்கெனவே நிறைந்திருந்தன. கூட்டுக் குவியலில் அங்கங்கே துளைகள். பூச்சி நனைத்துக்கொண்டு வந்த இடமெல்லாம் பக்கத்துக் கூடுகளிலும் மஞ்சள் கறை. அவர் ஒவ்வொரு பூச்சியாக எடுத்து முறத்தில் விட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குப் பதினொண்ணுதானே!" மூன்று நாள் மௌனம் அவளுக்கு அந்த நேரத்தில் நினைவிலேயே இல்லை. "நான் வட்டம் போட்டு வெச்சிருக்கேனே. எப்பிடி வந்துது?"

"செவ்வாக்கெழம விட்டது உன்னுது" என்றார் அவர் முறத்தைப் பார்த்தபடி. "அதுக்கு மொதநாள் திங்கக்கெழம நீ உன் தங்கச்சி பொண்ணு மஞ்சத் தண்ணிக்கு வந்தவாசி போயிருந்த. சாயங்காலம் கால்வாசிப் புழு பழுத்துக் கூடு கட்டத் தயாராயிடுச்சு. நான் ஒருத்தனாதான் பொறுக்கி விட்டேன். அதுக்கு இன்னைக்குப் பன்னெண்டு."

"அத்த ஏன் எங்கிட்ட சொல்லல?"

"காலைல சொன்னேன்."

"மாட்டுகிட்ட சொன்னீங்க!"

முறத்திலிருந்து ஒரு பூச்சி தத்தி அவர் வேட்டியில் ஏறியது. அதைத் தட்டிவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒம்பது மணிக்கு மொதல்ல ஒண்ணு வந்துது" என்றார். "அப்புறம் நாலு. அப்புறம் எண்ணல. அந்த நேரத்துல குணா வந்து நிக்கறான். இருடான்னேன். நீ ஏதோ வழி பண்ணிகினு வருவன்னு நெனச்சேன். பன்னெண்டு மணிக்கு மேல உன் போன் வந்துது. எடுக்கறதுக்குள்ள நின்னுபோச்சு. மறுபடி வரும்னு கைலயே வெச்சிகினு உக்காந்திருந்தேன். வரல. சரி, கை பட்டிருக்கும், ஒண்ணும் ஆவலன்னு தெரிஞ்சுது. பூச்சி வந்தாச்சு, இனிமே யாருக்கு எல வெட்டப் போறோம்னு அவன எடுக்கச் சொல்லிட்டேன்."

"நான் போட்டேனேப்பா, ரெண்டு தடவ!" என்றான் வாசலில் நின்ற கோகுல்ராஜ்.

"வண்டி சத்தத்துல கேக்கல."

சாவித்திரி தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மணி. ஒரே ஒரு மணி அடிக்கவிட்டு வைத்த போன். இரண்டாவது மணி வரை விட்டிருந்தால் இந்நேரம் அந்தச் செடிகளெல்லாம் நின்றுகொண்டிருக்கும். சைனாக்காரனைத் திட்டலாம், வரியைத் திட்டலாம், பரசுராமனைத் திட்டலாம். இதற்கு யாரைத் திட்டுவது? தன் மேலேயே அவளுக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது.

"யம்மா, மணி ரெண்டேகாலு" என்றான் கோகுல்ராஜ். "எழுந்திரு. கால்வாசிதான் போச்சு. மீதி முழுசா கீது."

"எதுக்கு மணி?" என்று கேட்டார் அய்யாக்கண்ணு.

கோகுல்ராஜ் இரண்டே வரியில் சொன்னான். சூடு அறை. நாலு மணி. அய்யாக்கண்ணு முறத்தைக் கீழே வைத்துவிட்டு மனைவி பக்கம் லேசாகத் திரும்பினார். "நீயே போயிக் கேட்டியா?" என்றார். ஒரு சாக்கை எடுத்து உதறினார்.

மூன்று பேரும் குனிந்தார்கள். துளை விழுந்ததை ஒரு பக்கம், கறை பட்டதை ஒரு பக்கம், சுத்தமானதைச் சாக்கில். கை நிற்காமல் ஓடியது. எந்தக் கூடு திங்கட்கிழமைக் கூடு, எது செவ்வாய்க்கிழமைக் கூடு என்று யாராலும் பிரிக்க முடியவில்லை. எல்லாம் ஒரே வெள்ளை. பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே ஒன்று சாவித்திரியின் உள்ளங்கையிலேயே நனைந்து, நுனி விலகி, உள்ளிருந்து தலையை நீட்டியது. அவள் அதை எடுத்து முறத்தில் வைத்தாள். ஏழு வருஷத்தில் அவள் ஒரு பூச்சியைக்கூட வெளியே வரவிட்டதில்லை.

மூன்றேகாலுக்கு ஐந்து சாக்கு நிரம்பியது. அறுபது கிலோ தேறும், குறையும் விறகுக் கூலியைத் தானே கொடுத்துவிடலாம் என்று சாவித்திரி நினைத்துக்கொண்டாள். சாக்கைத் தளர்வாகக் கட்டி, ஆட்டோவில் ஏற்றினார்கள். கோகுல்ராஜ் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தான். சாவித்திரி பின்னால் சாக்குகளுக்கு நடுவில் ஏறி, அவை நசுங்காமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

அங்கிருந்து தோட்டம் முழுதாகத் தெரிந்தது. கவிழ்ந்த பாதி, நிற்கும் பாதி. நிற்கிற முக்கால் ஏக்கரை அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்த இலையில் எத்தனை புழு வளரும்? வளர்த்து எங்கே கொண்டுபோவது? இன்று சூடு காட்டி வைக்கும் கூட்டையே எந்த மாசம், எந்தக் கப்பல் வராத வாரம் பார்த்து விற்பது? காலையிலிருந்து பார்த்த ஒவ்வொரு முகமும் கண் முன்னால் வந்தது. கத்தியோடு உட்கார்ந்திருந்த மகன். காய்ந்து கிடந்த ஆறு தொட்டி. நாற்பது தடவை முடி போட முடியாது என்ற நெசவாளி. இதில் யாரோடும் தன்னால் போராட முடியாது என்று அவளுக்குப் பட்டது. அப்படியே களைத்துப் போனாள்.

குணா சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கமும் போட்டு எழுந்து, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"அண்ணா, அண்ணி, பாதிய எடுத்துட்டேன். மீதிய எடுக்கணுமா, வேணாமா? ஜல்தியா சொல்லுங்க. வண்டிய நிறுத்தி வெச்சா எனக்கு வாடகை ஓடுது. யாராவது ஒருத்தர் சொன்னாப் போதும்."

அய்யாக்கண்ணு தோட்டத்தைப் பார்த்தார். சாவித்திரி அவரைப் பார்த்தாள்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

"நிறுத்துப்பா" என்றார் அய்யாக்கண்ணு.

"எடுத்துடு" என்றாள் சாவித்திரி.

குணா இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அய்யாக்கண்ணு ஆட்டோவின் கம்பியைப் பிடித்தார். "இன்னாமே சொல்ற? உனக்காகத்தானே நிறுத்தச் சொல்றேன்" என்றார். மூன்று நாளுக்குப் பிறகு அவர் அவள் கண்ணைப் பார்த்துப் பேசியது அப்போதுதான். அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள்.

"மூணரை ஆவப் போவுது, போலாமா?" என்று டிரைவர் முன்னால் இருந்தபடியே கேட்டான். பதிலுக்குக் காத்திராமல் ஆட்டோவை எடுத்துவிட்டான். அய்யாக்கண்ணுவின் கை கம்பியிலிருந்து நழுவியது. நாலடி கூடவே வந்தார். அப்புறம் நின்றுவிட்டார்.

ஆட்டோ குலுங்கிக்கொண்டு தெருமுனையில் திரும்பியது. மதகுக்கு அந்தப் பக்கம் போனதும் தோட்டம் மறைந்துபோனது. சாவித்திரி சாக்குகளை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். உள்ளே எதுவோ மெல்ல அசைவது போல அவள் கைக்குத் தட்டுப்பட்டது.

அப்போது பின்னால் ஜேசிபி உறுமிக் கிளம்பும் சத்தம் கேட்டது.

ரோட்டுக்கு ஏறிப் போகிறதா, தோட்டத்துக்குள் இறங்குகிறதா என்று அந்தச் சத்தத்தை வைத்து அவளால் சொல்ல முடியவில்லை. போனைக் கையில் எடுத்தாள். அவர் பேரை அழுத்தினாள். ஒரு மணி அடித்தது. இந்தத் தடவை அவள் கட் செய்யவில்லை.

இரண்டாவது மணி அடித்தது. மூன்றாவது. நாலாவது.

ஜேசிபி ஓடிக்கொண்டிருக்கும் வரை அவருக்கு அது கேட்கப் போவதில்லை.